ஒரே வால் கொண்ட நாற்பத்து மூன்று முகவரிகள்

2022 அக்டோபர் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணிப் பேருந்தில் லாய் அக்காவின் கணவர் தோவான் தைவானில் திருகாணி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யப் புறப்பட்டுப் போனார். அதற்கு ஒரு மாதம் முன்பு வரை வீட்டுப் பின்னறையில் எட்டு விசிறிகள் வைத்த இயந்திரம் ஒன்றை இரவும் பகலும் ஓடவிட்டு ஈதர் என்ற இணையக் காசு தோண்டிக்கொண்டிருந்தவர் அவர். செப்டம்பரில் அந்தக் காசின் நடைமுறையை மாற்றிவிட்டார்கள். உலகம் முழுக்க அந்த மாதிரி இயந்திரங்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. தோவானுக்கும் போனது.

“மெஷினை வித்துரு,” என்றார், படியில் ஏறியபடி.

“என்னன்னு சொல்லி விக்கிறது? சூடா காத்து வர்ற ஃபேன்னா?” என்றார் அக்கா.

பேருந்து கிளம்பிவிட்டது. பெட்டியைத் தூக்கி ஏற்றியவள் நான். நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் சா டெக் என்ற எங்கள் ஆற்றோரப் பூ ஊருக்குத் திரும்பி அக்கா கடையின் மாடியறையில் குடியேறியிருந்தேன். இரண்டு மாதத்தில் மறுபடி கிளம்பிவிடுவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அக்கா அதை நம்பவில்லை என்பது அவர் முன்பணம் வாங்கிய விதத்தில் தெரிந்தது.

சந்தைக்குள், ஆற்றை ஒட்டி அக்காவின் கடை. அதிர்ஷ்ட எண் சிம் கார்டு விற்பது தொழில். எங்கள் பக்கத்தில் அறுபத்தெட்டு என்றால் போதும், கஞ்சனும் பர்சைத் திறப்பான். நாலும் ஏழும் சேர்ந்த எண்ணைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டான். வண்டி எண்ணில் அறுபத்தெட்டு, போன் எண்ணில் அறுபத்தெட்டு, முடிந்தால் பிள்ளை பிறக்கிற மணியிலும் அறுபத்தெட்டு வேண்டும். அக்கா கண்ணாடிப் பெட்டிக்குள் சிம் கார்டுகளை மோதிரம் போல வரிசையாக வைத்திருப்பார்.

தோவான் போன மூன்றாம் வாரம் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. சந்தையில் பாதிப் பேர் போனில் டாலர் டோக்கன், அதாவது ஒன்று ஒரு டாலர் பெறும் இணையக் காசு, வைத்திருந்தார்கள். எல்லையைத் தாண்டிப் பூ வாங்க வருகிறவர்கள் அப்படித்தான் கொடுத்தார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் அனுப்பினார்கள். டோக்கன் வைக்க ஒரு முகவரி வேண்டும். நாற்பத்திரண்டு எழுத்துகள், தலையும் புரியாது, வாலும் புரியாது. அந்த வாலை 6868 என்று முடியும்படி செய்ய முடியுமா? முடியும். நினைத்த வால் வருகிற வரைக்கும் முகவரிகளைப் பிறப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தோதானது எட்டு விசிறி இயந்திரம்.

நாலு எழுத்து வாலுக்கு அதற்கு ஆகும் நேரம் ஒரு தும்மல். அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. “ரெண்டு நாள் கழிச்சு வாங்க. நல்ல நேரத்துல பொறக்கணும்,” என்பார். இரண்டு நாள் கழித்து வருகிறவர் முன்னால் இயந்திரத்துக்கு மூன்று ஊதுபத்தி ஏற்றி, முகவரியைத் திறக்கும் சாவியான ரகசிய எழுத்துகளை ஒரு தாளில் அச்சடித்து, சிவப்பு உறையில் போட்டு ஒட்டி, அவர் கண்ணெதிரிலேயே கணினியிலிருந்து அழிப்பார். அந்தச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முகவரிக்கு முதலாளி. “என்கிட்ட நகல் கிடையாது. நாலு மாசத்துல பலன் தெரியும் பாருங்க,” என்று வழியனுப்புவார். 2024 சந்திரப் புத்தாண்டுக்குள் சந்தையில் நாற்பத்து மூன்று பேரிடம் 6868 இருந்தது.

அந்தப் புத்தாண்டுக்குப் புது நாகரிகம் ஒன்று கிளம்பியது. சிவப்பு உறையில் நோட்டு வைத்துக் கொடுப்பதோடு, ஒருவருக்கொருவர் அரை டோக்கனுக்குக் கொஞ்சம் மேலே, சரியாக 0.68 டோக்கன், அனுப்பி வாழ்த்திக்கொண்டார்கள். எல்லோருடைய போனிலும் வரவுப் பட்டியல் ஒரே மாதிரி இருந்தது. வரிசையாக 6868, 6868, 6868.

புத்தாண்டின் ஒன்பதாம் நாள் மாலை ஏழண்ணன் சேறு ஒழுகும் காலோடு கடைக்குள் வந்தார்.

நாட்டின் தெற்கில் எங்களுக்குப் பிறந்த வரிசைதான் பெயர். மூத்ததை இரண்டு என்று கூப்பிடுவோம், அதனால் ஏழண்ணன் வீட்டில் ஆறாவது பிள்ளை. பூ வளர்ப்பவர். தண்ணீரில் நிற்கும் பரண்களில் செவ்வந்தித் தொட்டிகளை அடுக்கி, இடையில் படகு விட்டுக்கொண்டே நாளைக் கழிக்கிற, பெரிய உடம்பும் மெல்லிய குரலும் கொண்ட மனிதர்.

“லாயி, போச்சு.”

“எதுண்ணே?”

“ரெண்டாயிரத்து அறுநூறு.”

அக்கா பல் குத்திக்கொண்டிருந்த குச்சியைக் கீழே வைத்தார்.

விஷயம் இதுதான். இருபத்திரண்டாம் நாள் அவர் மகனுக்குக் கல்யாணம். அவர் கடைக்கு வந்ததற்கு மறுநாள், அதாவது பத்தாம் நாள், பணச்சாமி நாள். அன்றைக்கு ஊரே தங்கம் வாங்கும், விலை ஏறும். ‘இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பினா இன்னைக்கு விலை’ என்று நகைக்கடைக்காரர் சொல்லியிருந்தார். ஏழண்ணன் படகில் நின்றபடியே, ஒரு கையில் துடுப்போடு, பூ விற்றுச் சேர்த்ததை அனுப்பினார். நகைக்கடைக்காரருக்கு ஏற்கெனவே முன்பணம் அனுப்பிய முகவரி போனின் வரவு செலவுப் பட்டியலில் இருந்தது. அதன் மேல் புத்தாண்டு வாழ்த்துகள் இருபது வந்து ஏறியிருந்தன.

“முகவரியைப் பாத்தீங்களா இல்லையா?”

“பாத்தேனே. அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு. கண்ணாடி போட்டே பாத்தேன்.”

“நடுவுல?”

“நடுவுல எவன் பாப்பான்? உன் கடைக்கு வர்றவன் கடை போர்டைப் பாப்பானா, வழியில இருக்கிற கல்லை எண்ணுவானா?”

“நகைக்கடைக்காரர் என்ன சொல்றாரு?”

“எனக்கு வரலங்கறான். அவனுதும் அறுபத்தெட்டுதான். நீ வித்ததுதான். எல்லா நாய்க்கும் ஒரே வாலை ஒட்டினது யாரு?”

அக்கா போனை வாங்கிப் பார்த்தார். பணம் போய்ச் சேர்ந்த முகவரி பட்டப்பகலாகத் தெரிந்தது, அதில் 2,600 உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. யாருடையது என்று மட்டும் எங்கும் எழுதியிருக்கவில்லை.

“நீதான செஞ்சு கொடுத்தே. சாவி உன்கிட்ட இருக்கும்ல. திறந்து எடுத்துக் குடு.”

“அழிச்சிட்டேண்ணே. உங்களுதை உங்க கண்ணு முன்னாடிதான அழிச்சேன்?”

“என் கண்ணு முன்னாடி அழிச்சே. நான் வீட்டுக்குப் போனப்புறம் என்ன செஞ்சேன்னு என் கண்ணுக்கு எப்படித் தெரியும்?”

அவருக்கே சொன்னது கொஞ்சம் அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் துடைத்தார். பிறகு மெல்லிய குரலில், இன்னும் மோசமானதைச் சொன்னார். “நகை இல்லாம படகு போனா பொண்ணு வீட்டுல கரையேற விட மாட்டாங்க. இருபதாம் நாளுக்குள்ள பணம் வரலன்னா நான் சந்தையில சொல்லத்தான் வேணும் லாயி. சாவி உன்கிட்ட இருக்கு, நீதான் எடுத்துட்டேன்னு.”

அவர் போன பிறகு அக்கா வெகுநேரம் விசிறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பேச்சு கிளம்பினால் நாற்பத்து மூன்று பேரும் அன்றைக்கே பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், சிம் கார்டு வாங்கவும் வர மாட்டார்கள்.

“நெஜமாவே அழிச்சிட்டீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“அழிச்சிட்டேன். இன்னைக்குத்தான் அதுக்கு முதல் தடவையா வருத்தப்படறேன்.”

“எல்லார்கிட்டயும் போய்க் கேட்டுறலாமா?”

“கேட்டா யாரு ஆமான்னு சொல்லுவா? யோசிச்சுப் பாரு குட்டி. பணச்சாமி நாளுக்கு முந்தின சாயங்காலம் வானத்துலேர்ந்து ரெண்டாயிரத்து அறுநூறு விழுது. தப்பா வந்துச்சுன்னா நினைப்பாங்க? லாயி வித்த நம்பர் பலிச்சிருச்சுன்னு நினைப்பாங்க. அதைத் திருப்பிக் குடுத்தா அதிர்ஷ்டத்தைத் திருப்பிக் குடுத்த மாதிரி.” கொஞ்சம் நிறுத்தி, பெருமையா வேதனையா என்று சொல்ல முடியாத ஒரு முகத்தோடு, “நான் கொஞ்சம் நல்லாத்தான் வித்துட்டேன்,” என்றார்.

மறுநாள் காலை வண்டியை எடுத்தோம். பணச்சாமி நாளில் ஒவ்வொரு கடையிலும் தரையில் இருக்கும் சின்னச் சன்னதிக்கு முன்னால் சுட்ட விரால் மீன் இருக்கும், ஒரு துண்டு வறுத்த பன்றி இருக்கும். அக்கா அதையெல்லாம் பார்க்கவே இல்லை. நேராகப் பன்றி வறுப்பவரிடம் போனார்.

“முழுப் பன்னி இன்னைக்கு எத்தனை போச்சு?”

“ஒண்ணு. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து சொன்னாங்க. இந்நேரத்துக்கு எங்க போறதுன்னேன். ரெட்டை விலை தர்றேன்னுட்டாங்க.”

“யாரு?”

“ஆத்தோரக் காபிக்கடை ஆறக்கா.”

ஆறக்காவுக்கு ஐம்பது வயது. இருபது வருஷமாகக் கைம்பெண். ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் முந்நூறு பேருக்குக் காபி போட அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவது சமையலறை வரைக்கும்தான். மணப்பெண்ணை அழைத்துவரும் ஊர்வலத்தில் புருஷனும் பிள்ளைகளும் உள்ளவர்கள்தான் நடக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

கடைக்குப் போனோம். பணச்சாமிக்கு முன்னால், முதுகில் கத்தி குத்தி நிறுத்திய முழுப் பன்றி. சாமிக்குப் பால் விட்ட ஐஸ் காபி. பக்கத்தில் பற்றவைத்த சிகரெட்.

“என்னக்கா, இவ்வளவு பெரிய படையல்,” என்றார் லாய் அக்கா.

“ஒரு வேண்டுதல்டி.”

“எப்ப வேண்டினது?”

“அதெல்லாம் சாமிக்கும் எனக்கும். காது வேணுமா, வால் வேணுமா?”

வாலை வாங்கிக்கொண்டு திரும்பினோம். அக்கா வழியெல்லாம் அதைக் கடித்துக்கொண்டே வந்தார். “வருவா பாரு. அந்த முகவரியில துளி பெட்ரோல் கிடையாது, நேத்தே பாத்துட்டேன்.”

டோக்கனை ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த வேண்டுமானால் கட்டணமாக வேறொரு காசு துளி வேண்டும். அக்கா அதைப் பெட்ரோல் என்றுதான் சொல்வார். சந்தையில் சில்லறையாகப் பெட்ரோல் விற்கிறவரும் அவர் ஒருவர்தான். வண்டி நிறையச் சரக்கு இருந்தும் டாங்க் காய்ந்திருந்தால் வண்டி நகராது.

மூன்று நாள் ஆறக்கா வரவில்லை. ஏழண்ணன் தினமும் காலையில் வந்து, கடை முன்னால் படகுக் கயிற்றை முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். நாலாம் நாள், கடை திறந்த உடனே, ஆறக்கா புதுச் செருப்போடு வந்தார்.

“லாயி, கொஞ்சம் பெட்ரோல் போடு. ஒரு டாலருக்குப் போதும்.”

“முகவரியைக் காட்டுங்க.”

அக்கா இந்த முறை நாற்பத்திரண்டு எழுத்தையும் விரல் வைத்துப் படித்தார். ஏழண்ணன் அனுப்பியது இதற்குத்தான்.

“ஆறக்கா, இந்த ரெண்டாயிரத்து அறுநூறு ஏழண்ணனோட கல்யாணப் பணம். கை தவறி வந்திருக்கு.”

“யாரு சொன்னா?”

“எழுதியிருக்கு பாருங்க. எங்கேர்ந்து வந்துச்சுன்னு.”

“எங்கேர்ந்தாவது வந்துதான ஆகணும்? சாமி என்ன, சொந்தமா டாலர் அச்சடிக்குமா? யார் மூலமாவது குடுக்கும். நாலு மாசத்துல பலன் தெரியும்னு நீதான சொன்னே. நான் வாங்கி நாலு மாசம் மூணு நாள்.”

“அது வியாபாரத்துக்குச் சொல்றதுக்கா.”

“அப்ப பொய்யா?”

கடையில் வேறு இரண்டு பேர் சிம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்தார், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார், பிறகு ஆறக்காவைக் கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துப் போனார். நானும் போனேன். இயந்திரத்தை முடுக்கினார். ஊதுபத்தி இல்லை, நல்ல நேரம் இல்லை. விசிறிகள் முழு வேகம் பிடிப்பதற்குள் திரையில் ஒரு முகவரி வந்து நின்றது. கடைசியில் 6868.

“பாத்தீங்களா? இவ்வளவுதான். ரெண்டு நாளும் கிடையாது, சாமியும் கிடையாது. யாருக்கு வேணும்னாலும் வரும். இன்னொண்ணு வேணுமா?”

இன்னொன்றும் வந்தது. அக்கா சொந்தப் பிழைப்பின் துணியைத் தானே அவிழ்த்துப் போட்டுவிட்டு மூச்சு வாங்கினார்.

ஆறக்கா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இவ்வளவு சீக்கிரம் வருதுன்னா,” என்றார், “உன் கைராசி எப்பேர்ப்பட்டது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆறக்காவும் கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

“அந்தப் பணத்தை வச்சு என்னக்கா பண்ணப் போறீங்க?”

“என்ன பண்றது. கூரை மாத்தலாம்னு நினைச்சேன். அப்புறம் எதுக்குன்னு தோணுச்சு. ஒழுகுற இடம் எல்லாம் எனக்குப் பழக்கம்.” செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். “நாலு நாளா ஊர்ல எல்லாரும் என் கடைக்கு வந்து பன்னி கேக்கறாங்க லாயி. ராசிக்காரின்னு சொல்றாங்க. நேத்து மீன்காரி அவ பேத்தியைக் கொண்டுவந்து என் மடியில போட்டா. என்னை. என் மடியில.”

அக்கா நிமிர்ந்தார். விற்பதற்கு ஏதாவது கிடைத்தால் அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அப்படி மாறியது.

“பணத்தைத் திருப்பிக் குடுக்காதீங்க.”

“என்னடி சொல்றே?”

“திருப்பிக் குடுத்தா ராசி போயிரும். செலவு பண்ணுங்க. நகைக்கடையில ஏழண்ணன் மருமகளுக்கு நகை எடுங்க. நீங்களே கொண்டுபோய் நீங்களே போட்டு விடுங்க. முன் வரிசையில, முதல் படகுல.”

ஆறக்கா செருப்பை மறுபடி காலில் மாட்டிக்கொண்டார். வெளியே சிம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விலை கேட்டுக் கூப்பிட்டார்கள், யாரும் போகவில்லை.

“அவன் பொண்டாட்டி விடமாட்டா,” என்றார் கடைசியில்.

விடவில்லைதான். அன்று மதியம் நாங்கள் போனபோது ஏழண்ணனின் மனைவி காய் நறுக்கும் கத்தியை வைத்துக்கொண்டே பேசினார்.

“கைம்பெண் கையாலயா என் மருமகளுக்கு நகை?”

“எந்தக் கையிலக்கா ராசி இருக்கு?” என்றார் லாய் அக்கா, மிகவும் பணிவாக. “ஊர்ல நாப்பத்து மூணு பேருகிட்ட அறுபத்தெட்டு இருக்கு. உங்க வீட்டுக்காரரும் வச்சிருக்காரு. பணச்சாமி யாரைத் தேடிப் போச்சு? அவருகிட்டேர்ந்து எடுத்து அவங்ககிட்ட குடுத்துச்சு. இதுக்கு மேல சாமி வந்து வாயால சொல்லணுமா?”

ஏழண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். “அது நான் தப்பா…”

“நீங்க சும்மா இருங்க,” என்றார் மனைவி. யோசித்தார். ஒரு வெங்காயத்தை முழுக்க நறுக்கி முடிக்கிற வரைக்கும் யோசித்தார். “அங்கி நல்லதா உடுத்திட்டு வரச் சொல்லு. அந்தக் காபிக்கறை ரவிக்கையோட வரக்கூடாது.”

பதினெட்டாம் நாள் நகைக்கடையில் பணம் அனுப்பினார்கள். லாய் அக்கா பெட்ரோல் போட்டார், காசு வாங்கவில்லை. ஆனால் ஆறக்காவை நாற்பத்திரண்டு எழுத்தையும் உரக்கப் படிக்க வைத்தார். நகைக்கடைக்காரர் தன் போனைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரி என்று சொல்ல வேண்டும். நடுவில் ஒருவர் தும்மியதால் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். பணம் சரியான இடத்தில் விழுந்தபோது ஏழண்ணன் நகைப் பெட்டியைத் தொடக்கூட இல்லை. சுவரில் சாய்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

இருபத்திரண்டாம் நாள் முதல் படகில், கருஞ்சிவப்பு நீண்ட அங்கியில், நகைப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆறக்கா நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. மணப்பெண் திரின் கழுத்தில் சங்கிலி மாட்டும்போது கொக்கி மூன்று தரம் நழுவியது. பெண் குனிந்து, “மெதுவா போடுங்கக்கா, நான் எங்கேயும் போகல,” என்றாள்.

பிறகு ஏழண்ணன் எழுந்து நன்றி சொல்ல வேண்டியிருந்தது. மனைவி முழங்கையால் இடித்து எழுப்பிவிட்டார். தன் பூ, தன் படகு, தன் இரண்டாயிரத்து அறுநூறு. அத்தனைக்கும் முந்நூறு பேர் நடுவில் கையைக் கூப்பிக்கொண்டு, “எங்க வீட்டுக்கு இவ்வளவு பெரிய மனசோட செஞ்ச ஆறக்காவுக்கு நன்றி,” என்றார். ஆறக்கா, “இருக்கட்டும் இருக்கட்டும்,” என்றார். லாய் அக்கா மேசைத் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நகை வாங்கியது போக மீந்த பதினோரு டோக்கனை ஆறக்கா திருப்பித் தரவில்லை. கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை.

சாவி பற்றிய பேச்சு சந்தைக்கு வரவே இல்லை. 6868 கேட்டு மட்டும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அக்கா இனி அந்த வால் விற்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார், அந்த முடிவு இரண்டு வாரம் தாங்கியது. சுவரில் ‘தலையும் படி, நடுவும் படி, வாலும் படி’ என்று பெரிதாக எழுதி ஒட்டினார். தலைசீவிக்கொள்ளத் தோதாக அதன் மேலேயே யாரோ ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார்கள்.

பக்கத்து ஊர்களிலிருந்து, தவறான இடத்துக்கு டோக்கன் அனுப்பிவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்களும் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஆள் இருக்கிற முகவரிக்குப் போயிருந்தால், “இருங்க, அந்த ஆளுக்கு என்ன வேணும்னு பாப்போம்,” என்பார். டோக்கனை அந்த டோக்கனை நடத்துகிற கணினி நிரலின் முகவரிக்கே அனுப்பிவிட்டு வந்த ஒரு வாத்தியாருக்கு மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அங்கே பேசிப் பார்க்க ஆளே இல்லை. அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நான் இன்னும் அந்த மாடியறையில்தான் இருக்கிறேன்.

2025 நவம்பரில், மழை விடாமல் பெய்த ஒரு மதியம், அக்காவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கண்ணாடி எங்கேயோ போய்விட்டதால் என்னைப் படிக்கச் சொன்னார்.

“லாய் அக்கா, நான் ஏழு மாமா வீட்டு மருமக திரின். பாப்பா பொறந்து ஒரு மாசம் ஆச்சு. ஆறக்கா வந்து சங்கிலி போட்டாங்க, மாமியாரே போய்க் கூட்டிட்டு வந்தாங்க. பாப்பாவுக்கு ஒரு முகவரி செஞ்சு குடுங்க. அறுபத்தெட்டு மட்டும் வேண்டாம். நாலும் ஏழுமா, பாத்தாலே எல்லாரும் ஒதுங்கிப் போற மாதிரி ஒண்ணா இருக்கட்டும். மாமா இன்னும் வாலை மட்டும்தான் பாக்கறார், வேற யாரும் வாங்காத வால்னாதான் தப்பா போகாது. நல்ல நம்பரைப் பத்தி உங்ககிட்ட எதுவும் கேக்காதே, கெட்ட நம்பரா கேட்டு வாங்குன்னு சொல்லிக் குடுத்தது ஆறக்காதான்.”